சித்திரை வெயிலில் நாற்றுக்கு எந்த மறைப்பு: கிடுகா, வலையா, பொலித்தீனா?

மாசி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம். வன்னியில், விசுவமடுவில் எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளியிருக்கும் அக்கா படலையில் நின்று கூப்பிட்டார். சிறுபோகத்துக்கு மிளகாயும் தக்காளியும் நாற்றுப் போட்டு, தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்கும் யோசனை அவருக்கு. சங்கத்தில் எடுத்த கடனில் நாற்றுமேடைக்கு ஒரு மறைப்பு வாங்க வேண்டும்.

"தம்பி, கிடுகு காணுமோ, கறுப்பு வலை வாங்கட்டோ, இல்லாட்டி உந்தப் பொலித்தீன் கூடாரம் போடட்டோ? ஒண்டைச் சொல்லு. எனக்கு இரண்டாந்தரம் காசு போட ஏலாது."

நான் இரண்டு நாள் தவணை கேட்டேன். சில வருடங்களுக்கு முன் இதே விஷயத்தில் பிழைவிட்டவன் நான். பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ந்த தக்காளிக் கன்றுகளை, பார்க்க நல்ல வாளிப்பாக இருக்கின்றனவே என்று வாங்கிவந்து, புதுவருடம் கழிந்த கையோடு ஒரு காலையில் வெறும் தறையில் நட்டேன். தண்ணீரில் குறை வைக்கவில்லை. மூன்றாம் நாள் மேல் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஐந்தாம் நாள் அவை கடதாசி போலக் காய்ந்து மண்ணிறமாகின. பங்கசு என்று ஒருவர் சொன்னார், மருந்தும் அடித்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு கன்றைக் குனிந்து பார்த்தேன். மேலிலை எந்த இடத்தில் கீழிலையை மறைத்துக்கொண்டு நின்றதோ அந்த இடம் மட்டும் பச்சையாக, மேலிலையின் உருவத்தை அச்சுக் குத்தினது போல இருந்தது. பங்கசு நிழல் பார்த்துப் பரவுவதில்லை. வானத்திலிருந்து வந்த ஒன்றுதான் அந்த இலைகளைக் கொன்றிருந்தது.

ஆகவே விலையை வைத்து மட்டும் அக்காவுக்கு மறுமொழி சொல்ல மனம் வரவில்லை. எது கொல்கிறது, கன்று எப்படிச் சாகிறது என்பது விளங்கினால்தான் எந்த மறைப்பு எதைத் தடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

உச்சி வெயிலும் அதன் கண்ணுக்குத் தெரியாத பங்கும்

வன்னி, வடக்கு 9 பாகை அகலக்கோட்டை அண்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 14 அளவில், நண்பகல் கழிந்து ஒரு பத்து நிமிடத்தில், கிளிநொச்சியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட தடியின் நிழல் தடியின் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆவணிக் கடைசியில் இன்னொரு தடவை அப்படி வரும். பங்குனியில் நாற்றுப் போட்டால் பிடுங்கி நடுவது சித்திரையில். கன்று முதன்முதலாக வெளிவெயிலைக் காணும் கிழமையும் சூரியன் உச்சிக்கு வரும் கிழமையும் ஒன்றாகவே விழுகின்றன.

வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அப்பால் புற ஊதாக் கதிர் இருக்கிறது. ஊதாக் கடந்த கதிர் என்றும், சுருக்கமாக யூவி என்றும் சொல்வார்கள். அலைநீளத்தை வைத்து அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: 315 முதல் 400 நனோமீற்றர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்குக் கீழே யூவி-சி. யூவி-சி முழுவதையும் வளிமண்டலம் வடித்துவிடும். யூவி-பியில் பெரும்பங்கை ஓசோன் குடித்துவிடும். நிலத்துக்கு வந்து சேரும் புற ஊதாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை யூவி-ஏதான். மிஞ்சி வரும் அந்தச் சொற்ப யூவி-பிதான் உயிருள்ளவற்றின் டிஎன்ஏயை நேரே தாக்கும் பங்கு.

எங்கள் பக்கத்தில் வெயில் கடுமையாவதற்கு ஓசோன் ஓட்டைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓட்டை அந்தாட்டிக்காவின் மேலே. எங்களுக்கு யூவி கூடுவதன் காரணம் வேறு: சூரியன் உச்சியில் நிற்பதால் கதிர் வளிமண்டலத்துக்குள் கடக்கும் தூரம் குறைவு, பூமத்தியகோட்டை அண்டிய வானத்தில் ஓசோன் படையும் இயல்பாகவே மெல்லிது. சித்திரையில் முகிலில்லாத நண்பகலில் வன்னியில் யூவியின் கடுமையைக் காட்டும் யூவி சுட்டெண் 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வேறு படியே கிடையாது.

இன்னொன்றை மறைப்பு வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். யூவி-பி சூரியன் இருக்கும் திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. காற்றில் பட்டுச் சிதறி, நீல வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. நிலத்துக்கு வரும் யூவி-பியில் ஏறக்குறைய பாதி இப்படிச் சிதறி வருவது. கன்று நிழலில் நின்றாலும் அதற்கு வானம் தெரியுமானால் யூவியும் அதைத் தொடும். பந்தலின் கூரையைப் போலவே பக்கங்களும் கணக்கில் வரும்.

கலம் எடுக்கும் முடிவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் மறைப்புகளின் வித்தியாசம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

யூவி-பி கலத்துக்குள் விழும்போது, டிஎன்ஏ இழையின் எழுத்துகள் போன்றவற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள், அல்லது ஒரு தைமினும் ஒரு சைற்றோசினும், தமக்குள் ஒட்டிப்போகின்றன. ஒட்டிய இடத்தில் டிஎன்ஏயைப் படிப்பதும் பிரதி எடுப்பதும் தடைப்படும். வெயிலில் நிற்கும் எந்த இலையிலும் இது நாள்தோறும் நடக்கிறது. அதைத் திருத்த ஃபொட்டோலயேஸ் என்ற நொதியம் தாவரங்களிடம் உண்டு. மனிதரிடம் அது இல்லை. அந்த நொதியம் வேலை செய்ய வேண்டிய சக்தியை வெளிச்சத்திலிருந்தே எடுக்கிறது, அதுவும் நீல ஒளியிலிருந்தும் யூவி-ஏயிலிருந்தும். காயப்படுத்துவதும் வெயில், மருந்து போடுவதும் அதே வெயிலின் வேறொரு பங்கு.

நெல் விளையும் மண்ணில் இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ஜப்பானில் சசனிசிகி என்ற நெல்லினம் யூவி-பியைத் தாங்கும், நோரின் 1 என்ற இனம் அதற்கு நெருங்கிய உறவாயிருந்தும் தாங்காது. ஆராய்ந்தபோது, இந்தத் திருத்தும் நொதியத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பது அந்த வித்தியாசத்துக்குக் காரணமாகத் தெரிந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு பயிரின் தாங்குசக்தி தொங்கிக்கொண்டிருக்கிறது.

திருத்தம் காயத்தை எட்டிப்பிடிக்க முடியாமற்போனால் கலம் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. திட்டமிட்ட கலச்சாவு என்பது இதைத்தான். யூவி வந்தால் மட்டும் நடக்கும் கூத்தென்று இதை எண்ணக்கூடாது. நீர் ஏறும் காழ்க்குழாய்கள் உருவாவதே கலங்கள் திட்டப்படி செத்து, உள்ளே வெறுமையாகி, சுவர் மட்டும் எஞ்சுவதால். வெள்ளம் நிற்கும் வயலில் நெல்வேர் மூச்சுவிடுவதும் வேருக்குள் சில கலங்கள் செத்து இடம்விட்டு, காற்று ஓட வழி உண்டாவதால். சாவு, செடியின் கட்டுமான வேலைகளில் ஒன்று.

யூவியினால் வரும் சாவும் இதே சாதியைச் சேர்ந்தது என்பது ஆய்வுகூடங்களில் படிப்படியாகத் தெரியவந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறுசெடியில் யூவி-சியைப் பாய்ச்சியபோது, விலங்குக் கலங்கள் திட்டப்படி சாகும்போது நடப்பது போலவே கருவிலுள்ள டிஎன்ஏ ஒழுங்கான துண்டுகளாக வெட்டுப்படுவதை 1998இல் காட்டினார்கள். வெந்தோ நசுங்கியோ சாகும் கலத்தில் இப்படி அளவெடுத்த வெட்டு விழாது. கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகளிலும் ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணிகளிலும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகள் திடீரென்று பெருகுவதும், இழைமணி மென்சவ்வின் மின்னழுத்தம் விழுவதும் பின்னர் தெரிந்தன. விலங்குகளில் இந்தச் சாவை நடத்தும் கஸ்பேஸ் நொதியம் தாவரங்களிடம் இல்லை. அதற்குத் தூரத்து உறவான மெற்றாகஸ்பேஸ்கள் உண்டு. அவற்றில் எட்டாம் இலக்கத்தது யூவியால் வரும் சாவில் பங்கெடுப்பதை 2008இல் கண்டார்கள். புகையிலைக் கலங்களில் யூவி-பி மிஞ்சியபோதும் திட்டமிட்ட சாவு நிகழ்வதை 2010இல் கண்டார்கள்.

அதே 2010இல் வந்த இன்னொரு கண்டுபிடிப்புத்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. யூவி-பி பட்ட அரபிடொப்சிஸ் வேர்நுனியில் முதலில் சாவது, மற்றக் கலங்களைப் பெற்றெடுக்கும் மூலக்கலங்கள். டிஎன்ஏ பழுதை உணரும் புரதங்கள் கட்டளையிட, எஸ்ஓஜி1 என்ற புரதம் அதை நிறைவேற்றுகிறது. மனிதரில், பழுதான கலத்தைச் சாகவிடும் பி53 என்ற புரதம் செய்யும் வேலை அது. பழுதான டிஎன்ஏயுடன் ஒரு மூலக்கலம் பிழைத்தால், அதிலிருந்து வரும் கலங்கள் எல்லாம் பழுதைச் சுமக்கும். ஒன்றை இழந்தால், பக்கத்திலிருக்கும் நல்ல கலம் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். செடிக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியது.

இதற்கு நேரம் எடுக்கும். நொதியங்கள் ஆயத்தமாகி, கலத்துக்குள் நீர்ப்பை போலிருக்கும் புன்வெற்றிடம் உடைந்து, உள்ளிருப்பது கரைந்து, கலச்சுவர் மட்டும் வெறுங்கூடாக நிற்க மணித்தியாலங்கள் செல்லும்; திட்டாக இலையில் எங்கள் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் முதலாம் நாள் வெயில் செய்த வேலைக்கு மூன்றாம் நாள் பங்கசைப் பழி சொன்னேன்.

வெள்ளைத் திட்டு முழுவதையும் யூவியின் கணக்கில் எழுத முடியாது. இடம்பெயர்ந்த கன்றின் வேர் அறுந்திருக்கும், தண்ணீர் ஏறாது. பச்சையவுருமணி தாங்கக்கூடியதைவிடக் கூடிய வெளிச்சம் விழும். சூடு இருக்கும். இவை எல்லாம் அதே தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் என்ற சந்தியில்தான் வந்து சேர்கின்றன. நல்ல மறைப்பு என்பது யூவியோடு சேர்த்து வெளிச்சம், சூடு ஆகியவற்றையும் ஒழுங்கான அளவில் குறைப்பது.

இனி, இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். சிறு அளவு யூவி-பி செடிக்குக் கெடுதல் இல்லை. அது ஒரு செய்தி. யூவிஆர்8 என்ற புரதம் அதை வாங்குகிறது. அந்தப் புரதம் குறைந்த செடிகள் யூவி-பியைத் தாங்காமல் தவிப்பதை 2002இல் கண்டார்கள். அதுவே யூவி-பியை உணரும் வாங்கி என்பது 2011இல் உறுதியானது. இருட்டில் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும் அந்தப் புரதம், யூவி-பி பட்டவுடன் பிரிந்து, கருவுக்குள் போய், பாதுகாப்பு வேலைகளைத் தொடக்கிவிடும். மேற்றோலில் பிளாவனொயிட்டுகள் என்ற பொருட்கள் சேரும். அவை யூவியை மேற்றோலிலேயே மறித்துவிடும். ஒளித்தொகுப்புக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். இலை தடிக்கும், தண்டு குறுகி உரம் பெறும், திருத்தும் நொதியமும் கூடும். யூவியைக் கண்டறியாமல் வளர்ந்த கன்றுக்கு இவை ஒன்றும் இருக்காது. நான் வாங்கிவந்த வாளிப்பான தக்காளி அப்படியானது. அது தோற்ற இடம் என் தறை. அதைத் தோற்கவைத்தது அதற்கு முந்திய நாலு கிழமை.

நாலு வழிகள்

திறந்த மேடையிலிருந்து தொடங்குகிறேன், அதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். மறைப்பே போடாமல் விதைத்தால், முளைவிட்ட நாளிலிருந்தே கன்று யூவியைப் பழகும். குள்ளமாக, கரும்பச்சையாக, உரமாக வரும். நடும்போது அதிர்ச்சி மிகக் குறைவு. ஆனால் பங்குனி வெயிலில் மேடையின் மேல்மண் காய்ந்து சுட்டு, முளை வெளியே வருமுன்னே கருகிவிடும். வைக்கோல் பரப்பி, நாளுக்கு மூன்று தரம் பூவாளியால் தண்ணீர் விட ஆள் இருந்தால் மிளகாய்க்குச் சரிவரும். மென்மையான தக்காளிக்கு, காசு கொடுத்து வாங்கிய ஒட்டு இன விதைக்கு, நான் துணியமாட்டேன். காலபோக நாற்று என்றால் சாத்துமழை மேடையையே கரைத்துக்கொண்டு போய்விடும். பயறு, கௌபி, நிலக்கடலை போன்றவற்றை நேரே விதைக்கிறோம்; அவை பிறந்ததிலிருந்து வெயிலில் நிற்பதால் இந்தக் கேள்வியே அவற்றுக்கு எழுவதில்லை.

கிடுகு எங்கள் அப்பா காலத்து மறைப்பு. நாலு கப்பு நட்டு, தடி வைத்து, தென்னங்கிடுகோ பனையோலையோ பரப்புவார்கள். இதில் இரண்டு நன்மை. ஓலைக்குக் கீழே காற்று ஓடும், சூடு தேங்காது. ஓலை நேர்வெயிலை மறித்தாலும், பக்கங்கள் திறந்திருப்பதால் வானத்திலிருந்து சிதறி வரும் யூவி-பி கன்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும். யூவிஆர்8க்குச் செய்தி போகும். டிஎன்ஏக்குப் பெருங்காயம் வராது. அதற்கு மேல், காலையிலும் பின்னேரத்திலும் கிடுகைத் தூக்கிவைக்கும் வழக்கம். இளவெயிலில் சூரியன் சாய்ந்து நிற்பதால் கதிர் ஓசோனுக்குள் நீண்ட தூரம் வருகிறது. யூவி-பி பெரும்பாலும் வடிந்துபோகும், நீல ஒளி தாராளமாக வரும். காயம் குறைந்த, திருத்தும் வெளிச்சம் கூடிய நேரம் அது. ஃபொட்டோலயேஸ் என்ற பெயரைக் கேளாத எங்கள் முன்னோர் கன்றைப் பார்த்துப் பார்த்தே இந்த ஒழுங்குக்கு வந்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு வருகிறது.

குறைகளும் உண்டு. கறையான் ஏறும். ஓலை இடைவெளியால் விழும் வெயிற்பொட்டு ஒரு கன்றைச் சுட, பக்கத்துக் கன்று இருட்டில் நின்று நெடுத்துப்போகும். விற்கிற நாற்று ஒரே சீராக இருக்க வேண்டும். கிடுகில் அது சிரமம். கிடுகு பின்னுகிறவர்களும் இப்போது அருகிவிட்டார்கள். நூறு கன்றுக்குக் கிடுகைப் போல ஒன்றில்லை. இரண்டாயிரம் கன்றுக்கு நாளுக்கு இரண்டு தரம் தூக்கிவைக்க ஒரு ஆள் வேண்டும்.

கறுப்பு வலையைக் கடைகளில் சேட் நெற் என்று கேட்டால் தருவார்கள். நாற்றுக்கு ஐம்பது வீதம் என்று குறித்தது போதும். அது வெளிச்சத்தை வகை பிரித்துப் பார்க்காது. யூவி-பி, யூவி-ஏ, நீலம், சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே பங்காகக் குறைக்கும். இது எங்களுக்கு வாய்ப்பானது. காயப்படுத்துவதும் பாதியாகிறது, திருத்துவதும் பாதியாகிறது, இரண்டுக்குமிடையிலான பொருத்தம் குலையாது. கன்றுக்கு அது உண்மையான வெயில்தான், மெல்லிய வெயில். மேலே உயர்த்திக் கட்டினால் காற்று ஓடும். கன்றுக்கு மிக அண்மையில் தாழ்த்திக் கட்டினால் கறுப்பு சூட்டை வாங்கிக் கீழே விடும். நாலு மூலையிலும் கயிறு போட்டு, பாய் சுருட்டுவது போல ஒரே இழுப்பில் சுருட்டலாம். அந்த ஒரு வசதிக்காகவே நான் வலையின் பக்கம் சாய்கிறேன். ஆனால் வலை மழையைத் தடுக்காது, வெண்ணீ என்ற சாறு உறிஞ்சும் சிறு வெள்ளைப் பூச்சியையும் தடுக்காது. எழுபத்தைந்து வீத வலையை நாற்றுக்கு வாங்காதீர்கள். கன்று வெளிச்சம் தேடி நெடுத்து, தண்டு சோர்ந்துவிடும்.

பொலித்தீன் கூடாரத்தைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆதங்கம் கூட. கடையில் "யூவி பொலித்தீன்" என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்களை விற்கிறார்கள். ஒன்று, யூவியினால் பொலித்தீன் உக்கிப்போகாமல் மருந்து சேர்த்தது. அந்த மருந்தில் ஒரு வகை, கதிரை மறிக்காமல் தாளை மட்டும் காப்பாற்றும். யூவி உள்ளே வரும். மற்றையது, யூவியை உறிஞ்சும் பொருள் சேர்த்தது. ஏறக்குறைய 380 நனோமீற்றருக்குக் கீழே ஒன்றையும் உள்ளே விடாது. முதலாவது தன்னைக் காக்கும் தாள், இரண்டாவது செடியையும் மறைக்கும் தாள். வாங்குகிறவருக்கு எது தன் கையில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். காசுத்தாள் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் 365 நனோமீற்றர் யூவி டோர்ச்சை இரவல் வாங்குங்கள். இருட்டறையில் ஒரு காசுத்தாளில் அடித்தால் சில கோடுகளும் இழைகளும் மின்னும். இப்போது பொலித்தீன் துண்டை இடையில் பிடித்து அடியுங்கள். மின்னல் தொடர்ந்தால் அந்தத் தாள் யூவியை விடுகிறது, அணைந்தால் மறிக்கிறது. ஊதா வெளிச்சம் பளிச்சென்று தெரியும் மலிவு டோர்ச்சுகள் 395 நனோமீற்றர் அளவில் இருப்பதால் இந்தச் சோதனைக்கு நம்பமுடியாதவை.

யூவியை மறிக்கும் தாளுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. வெண்ணீ பறந்து திசை பிடிப்பதற்கு யூவி வெளிச்சம் வேண்டும். யூவி இல்லாத கூடாரத்துக்குள் அது நுழைவதும் பரவுவதும் குறையும். அதோடு அது காவிவரும் தக்காளி இலைச்சுருளல் வைரசும் குறையும். ஆகவே நட்டதிலிருந்து கடைசிக் காய் வரை கூடாரத்துக்குள்ளேயே நிற்கப்போகும் தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் அது நல்ல தெரிவு. செடி ஒருநாளும் வெளியே வராது; பழக வேண்டிய தேவையும் இல்லை. தேனீக்கும் யூவி பார்வைக்கு வேண்டும் என்பதால், பூச்சி வந்து மகரந்தம் சேர்க்க வேண்டிய பூசணிக் குடும்பத்துக்கு அதே கூடாரம் பொருந்தாது.

வெளித்தறைக்குப் போகும் நாற்றுக்கு அந்தத் தாள் கூடாது என்பது என் முடிவு. நாலு கிழமை யூவியே இல்லாத வீட்டில் வளர்த்து, வருடத்தின் ஆகக் கடும் யூவி நாட்களில் ஒரே நாளில் வெளியே விடுவது, நீச்சல் பழக்காமல் இரணைமடு நடுக்குளத்தில் இறக்குவது போன்றது. அதோடு சித்திரையில் வெளியே 35 பாகையைத் தொடும்போது, காற்றோட்டம் போதாத தாழ்ந்த கூடாரத்துக்குள் அதையும் மிஞ்சும். அதிலிருந்து நாற்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கொண்டுவந்த அன்றே நடாமல் ஏழு முதல் பத்து நாள் வலைக்குக் கீழே வைத்துப் பழக்குங்கள்.

இன்னொரு வழியையும் சிலர் கேட்கிறார்கள். கொரோனாக் காலத்தில் கிருமி கொல்ல வந்த யூவி-சி விளக்குகள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. அவற்றை நாற்றுக்குக் காட்டினால் பழகாதா என்று. வேண்டாம். சூரியனிலிருந்து நிலத்துக்கு வராத கதிர் அது. கலச்சாவை உண்டாக்கவே ஆய்வுகூடத்தில் அதைப் பாவிக்கிறார்கள். உங்கள் கண்ணையும் தோலையும் சுடும்.

அக்காவுக்குச் சொன்னது

அவருடைய நாற்று வெளித்தறைக்குப் போவது. ஆள்பலம் அவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும். கடன் ஒருமுறைதான். இந்த மூன்றையும் வைத்து, ஐம்பது வீத வலையை ஆளுயரத்தில் கட்டச் சொன்னேன். மேற்குப் பக்கத்துக்கு மட்டும், வீட்டில் கிடந்த பழைய கிடுகை நிறுத்தச் சொன்னேன், பின்னேரச் சூடு மேடைக்குள் சரிந்து அடிக்காமல். வெண்ணீக்கு, நாற்றுத் தட்டுகளைச் சுற்றிப் பூச்சிவலை.

நடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது வலையைச் சுருட்டத் தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் காலை எட்டரை வரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும் திறந்த வெயில். அடுத்த நாலு நாள் காலை பத்து வரை. கடைசி மூன்று நாள் முழுநாளும் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகில் மூடிய நாள் என்றாலும் இந்த ஒழுங்கை விடக்கூடாது. மெல்லிய முகிலுக்குள்ளால் யூவி வரும், கன்று அன்றும் பழகும். நாலாம் ஐந்தாம் நாளில் மிளகாய்த் தண்டிலும் இலைக்காம்பிலும் ஒரு ஊதாச் சாயல் ஏறினால் பயப்பட வேண்டாம், அது அந்தோசயனின் என்ற நிறப்பொருள், கன்று தன்னைத் தயார்படுத்துகிறது. நடுவது பின்னேரத்தில். இரவு முழுவதும் வேர் தண்ணீர் எடுக்கும். விடிந்தவுடன் வரும் இளவெயில் திருத்தும் வெயில்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கூடாரம் வேண்டாம் எண்டுறாய்," என்றார். "இப்ப வேண்டாம் அக்கா. கறிமிளகாய் செய்யிறதெண்டால் அப்ப பாப்பம்."

புதுவருடம் கழிந்து, ஒரு பின்னேரம் நாலரைக்கு நட்டோம். ஐந்தாம் நாள் போனபோது அக்கா ஒரு வரிசையின் ஓரத்தில் குந்தியிருந்தார். அந்த ஓரத்தில் ஏழெட்டுத் தக்காளிக் கன்றுகளில் மேலிலை வெளிறியிருந்தது. சுருட்டும்போது வலை சிக்கிக்கொண்டதால் அந்தத் தட்டு மூலைக்கு வெயில் காட்டுப்படவில்லையாம். பிடுங்கிவிட்டு வேறு கன்று வைக்கக் கை வைத்தார். நான் மறித்தேன். இளம் இலைகள் பொத்திவைத்திருக்கும் குருத்துக்குள்தான், புது இலைகளை உண்டாக்கும் பிரியிழையம் இருக்கிறது. அதற்கு மேலே எத்தனை படை இலை, கதிரை முதலில் வாங்குவது அவைதான். நகத்தால் மெல்ல விரித்துக் காட்டினேன். உள்ளே பச்சை. அந்த ஏழெட்டுக்கு மட்டும் இரண்டு நாள், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு பனையோலைத் துண்டைக் குத்திவைத்தார். வெளிறிய இலைகள் காய்ந்து விழுந்தன. வைகாசி நடுவில் அந்தக் கன்றுகளும் மற்றவற்றோடு பூத்தன, நாலைந்து நாள் பிந்தி.